இருபது பருவத்துப் பாயிண்ட்

சேகோ மில்லில் மரவள்ளிக் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. பாயிண்டையும் சேர்த்துத்தான் விலை. லோடு வந்து நின்றதும் ஒரு கூடைக் கிழங்கை எடுத்து மண்ணை உதறி, ஐந்து கிலோ நிறுத்து, அதையே தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுப்பார்கள். மாவுச்சத்து கூடுதலாக உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். அந்த இரண்டாவது எடையை வைத்துச் சொல்வதுதான் பாயிண்ட். பாயிண்ட் ஏறினால் விலை ஏறும், இறங்கினால் இறங்கும். சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு வெட்டுகிற காலத்தில் மில் வாசலில் வாக்குவாதம் வருவதும் அது பேசித் தீர்வதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஆத்தூர் சாலையில் உள்ள ஒரு மில்லின் முதலாளி எங்களிடம் கேட்டதும் பாயிண்டைப் பற்றித்தான். முள்ளுவாடி, எச் 226 என்று ரகம் பிரித்து, மாதம் பிரித்து, இருபது பருவமாகத் தன் மில்லுக்கு வந்த பாயிண்ட் எப்படிப் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மாவுப்பூச்சி வந்த வருஷங்களில் என்ன ஆனது என்றும் தெரிய வேண்டும். யாரையும் கூப்பிடாமல் தானே எக்செல்லைத் திறந்து பார்க்கிற மாதிரி வேண்டும் என்றார். அவரிடம் கணக்கு இல்லாமல் இல்லை. ஒரு லோடு விடாமல் பதிந்து வைத்திருந்தார்கள். அதில் பெரும்பகுதியை இன்றைய எக்செல்லால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பழைய கோப்புகளுக்கும் எக்செல்லுக்கும் நடுவில் வழி போடும் வேலையில்தான் நான் தொழில் கற்றேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தொண்ணூறுகளில் சேலத்தில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் லாரி ஆபீஸ்களுக்கும் சேகோ மில்களுக்கும் ஃபாக்ஸ்ப்ரோவில் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர். இப்போது அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மாடி அறையில், அந்தக் காலத்துக் கோப்புகளை இந்தக் காலத்துக் கருவிகளுக்கு எட்டச் செய்யும் வேலையைச் செய்கிறார். நான் பி.காம். முடித்து, டேலி மட்டும் தெரிந்து போய்ச் சேர்ந்தேன்.

முதலில் ஒரு கேள்வி எனக்கே இருந்தது. பழைய கணக்கை ஏன் இவ்வளவு பாடுபட்டு எடுக்க வேண்டும்? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாத்தால் போதும். கம்பெனிச் சட்டத்தில் எட்டு நிதியாண்டு. அதற்கு மேல் போன கணக்கைப் பழைய இரும்புக்குப் போடும் கணினியோடு சேர்த்தே அனுப்பிவிடுகிறவர்கள் இங்கே நிறைய. அக்கா அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். “சட்டம் கேக்கறது வரிக்காக, கண்ணு. மில்லு கேக்கறது கெழங்குக்காக. ரெண்டுக்கும் வயசு வேற” என்பார். எனக்கும் அது இப்போது உறுதியாகிவிட்டது. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1943இல். மில்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் வந்தது 1981இல். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல். இத்தனை வருஷத் தொழிலில், எந்த மண்ணில் எந்த ரகம் எந்த மாதத்தில் எவ்வளவு மாவு தந்தது என்ற செய்தி தனித்தனி மில்களின் மேசைக்கடியில் கிடக்கிறது. அதைத் தொலைப்பது விதையைத் தொலைப்பதற்குச் சமம் என்று நான் நினைக்கிறேன்.

மில்லில் மூன்று காலத்துக் கோப்புகள் இருந்தன. தமிழ்நாட்டில் வாட் வரி வந்த 2007க்கு முந்தியவை டாஸில் ஓடிய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமில் இருந்தன. அதன் பிறகு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும் வரை விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ. அதற்கு அப்புறம் வரவு செலவு டேலிக்குப் போய்விட்டது; லோடு எடையும் பாயிண்டும் எடைமேடைக் கணினியில் ஆக்சஸ் கோப்பாகச் சேர்ந்துகொண்டிருந்தன. வரி மாறிய போதெல்லாம் புரோகிராமையும் மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எந்த மில்லுக்குப் போனாலும் கணக்குக் கோப்புகள் இப்படி வரிச் சட்டத்தின் தேதிகளில்தான் உடைந்து கிடக்கும்.

அக்கா என்னை முதலில் எந்தக் கோப்பையும் திறக்க விடவில்லை. நகல் எடுக்கத்தான் சொன்னார். அதிலும் ஒரு பாடம் இருந்தது. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு அட்டவணை என்பது ஒரு கோப்பு அல்ல. டிபிஎஃப் என்ற கோப்பில் வரிகள் இருக்கும். நீளமான குறிப்புகள் எஃப்பிடி கோப்பில் இருக்கும். வரிசை சொல்லும் இண்டெக்ஸ் சிடிஎக்ஸ் கோப்பில் இருக்கும். பென்டிரைவில் யாரோ பேக்கப் எடுத்து வைத்திருப்பார்கள். பார்த்தால் டிபிஎஃப் மட்டும் இருக்கும். அதைத் திறந்தால் இண்டெக்ஸ் இல்லை என்று தடுக்கும். இண்டெக்ஸ் வேண்டாம் என்று சம்மதித்துத் திறந்தால், கோப்பின் தலைப்பகுதியிலேயே அந்தத் தொடர்பை அழித்துவிடும். பார்க்க மட்டும் நினைத்தவர் மூலத்தை மாற்றிவிட்டிருப்பார். அதனால் மூன்றையும் ஒன்றாக நகலெடுத்து, மூலத்தைத் தனி டிஸ்கில் பூட்டி வைத்துவிட்டு, நகலில் மட்டும்தான் எதையும் தொட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் டிரைவர் என்பது என்ன என்று சொல்லிக்கொடுத்தார்.

ஒவ்வொரு டேட்டாபேஸும் தன் தகவலைத் தனக்குத் தெரிந்த விதத்தில் அடுக்கி வைக்கிறது. ரிப்போர்ட் எடுக்கும் கருவி அத்தனை அடுக்குகளையும் தெரிந்துவைத்திருக்க முடியாது. ஒரு காலத்தில் பத்துக் கருவியும் பத்து டேட்டாபேஸும் இருந்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாகப் புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பல கம்பெனிகள் சேர்ந்து அமைத்த எஸ்க்யூஎல் ஆக்சஸ் குரூப் இதற்குப் பொதுவான ஒரு முறையை வகுத்தது. அதை ஒட்டி மைக்ரோசாஃப்ட் 1992இல் ஓடிபிசியின் முதல் பதிப்பை வெளியிட்டது. 1995இல் அந்தப் பொது முறை ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ஜாவாவில் எழுதும் கருவிகளுக்கு 1997இல் ஜேடிபிசி வந்தது. இன்றுவரை எக்செல், பவர் பிஐ, லிப்ரேஆஃபீஸ் என்று எந்தக் கருவியும் எந்த டேட்டாபேஸையும் பார்க்க இந்த இரண்டு வழிகளையே பெரிதும் நம்பியிருக்கிறது.

அக்கா இதை லாரி புக்கிங் ஆபீஸை வைத்துச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிக்கு எந்த லாரி, எந்த ஊர்ப் பாதை என்று தெரிய வேண்டியதில்லை. சரக்கு என்ன, எங்கே போக வேண்டும் என்று ஆபீஸில் சொன்னால் போதும். அந்தப் பாதை தெரிந்த வண்டியை ஆபீஸ் பிடித்துக் கொடுக்கும். ஓடிபிசியில் அந்த ஆபீஸின் வேலையைச் செய்வது டிரைவர் மேனேஜர். எக்செல் அதனிடம் ஒரு பெயரை மட்டும் சொல்லும். அந்தப் பெயருக்கு டிஎஸ்என் என்று பெயர். எந்த டிரைவர், எந்தக் கோப்பு, எந்தக் கணினி என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் பதிந்து வைத்திருக்கும்.

இது புரிந்ததும் நான் அக்காவிடம் கேட்டேன்: “ஏங்க்கா, எல்லாத்தையும் சிஎஸ்வி ஆக்கி எக்செல்ல ஒட்டிட்டா ஆகாதுங்களா?” அவர் இல்லை என்று சொல்லவில்லை, ஒரு பருவத்தை மட்டும் அப்படிச் செய்து காட்டச் சொன்னார். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் ஏற்காது. 2/11 என்பதை ஓர் இடத்தில் நவம்பர் 2 என்றும், கணினியின் அமைப்பு மாறியிருந்தால் பிப்ரவரி 11 என்றும் எடுத்துக்கொள்ளும். விவசாயி கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் உதிர்ந்துவிடும். எல்லாவற்றையும்விட, ஒட்டிய தாள் அன்றோடு நின்றுபோகும். அடுத்த நாள் வந்த லோடு அதில் இருக்காது. டிரைவர் வழியாகப் போனால் எண் எண்ணாகவும், தேதி தேதியாகவும், எழுத்து எழுத்தாகவும் வந்து சேரும். வகை மாறாமல் வருவதுதான் டிரைவரின் பெரிய உபகாரம் என்று எனக்கு அப்போது பட்டது.

பெரிய உபகாரம்தான், ஆனால் டிரைவருக்கும் வயது உண்டு. மில்லில் இருந்த எக்செல் 64 பிட். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஓடிபிசி டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பான 9 வந்தது 2004இல். அதற்கான ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்துவிட்டது. 64 பிட் டிரைவர் இனி வரப்போவதும் இல்லை. 64 பிட் எக்செல் 32 பிட் டிரைவரைக் கூப்பிட்டால் ஐஎம்014 என்ற பிழைக்குறியோடு நின்றுவிடும். விண்டோஸில் இந்த டிரைவர்களை அமைக்கும் திரையும் இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் கோப்பின் பெயர் ஒன்றுதான். சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கானது. 32 பிட்டுக்கானது சிஸ்வவ்64 என்ற ஃபோல்டரில் இருக்கிறது. பெயரைப் பார்த்துத் திறக்கிறவர்கள் தவறாத இடமே இல்லை. ஒரு திரையில் டிஎஸ்என் உருவாக்கிவிட்டு, இன்னொரு திரையில் அதைத் தேடிக் காணாமல் தவிப்பவர்களை எங்கள் அறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

பிழைக்குறிகளைப் படிக்க அக்கா என்னைப் பழக்கினார். ஐந்து எழுத்துக் குறி அது. முதல் இரண்டைப் பார்த்தாலே கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். ஐஎம் என்றால் கேள்வி டிரைவர் மேனேஜரையே தாண்டவில்லை. ஐஎம்002 என்றால் அந்தப் பெயரில் டிஎஸ்என் இல்லை. 08 என்றால் டிரைவர் கிடைத்துவிட்டது, ஆனால் டேட்டாபேஸ் வரை போக முடியவில்லை. கேபிள், ஃபயர்வால், சர்வர் நின்றிருப்பது என்று பார்க்க வேண்டும். 28 என்றால் வாசல் வரை போயாயிற்று, பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போகவில்லை. 42 என்றால் உள்ளே போய்விட்டோம். கேட்ட விதம் தவறு அல்லது கேட்கும் உரிமை இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிவப்புப் பெட்டி வந்தால் எனக்குப் பதற்றம் வருவதில்லை. கேள்வி எதுவரை போய்த் திரும்பியிருக்கிறது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான்.

ஃபாக்ஸ்ப்ரோ கோப்புகளுக்கு அக்கா எடுத்த முடிவு இது: பழைய 32 பிட் டிரைவரை ஒரே ஒரு தடவை, ஒரு தனிக் கணினியில் பயன்படுத்தி, வரிகளை அப்படியே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவது. பிறகு எக்செல் என்றைக்கும் போஸ்ட்கிரெஸின் 64 பிட் ஓடிபிசி டிரைவர் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆதரவு நின்றுபோன டிரைவரைத் தினசரி வேலைக்கு நம்பி ஒரு மில்லை நிறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. ஃபாக்ஸ்ப்ரோவின் அந்தப் பழைய ஓடிபிசி டிரைவர், விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ பதிப்பு 9இல் புதிதாக வந்த தகவல் வகைகளை அறியாது. அப்படிப்பட்ட சில அட்டவணைகளுக்கு மைக்ரோசாஃப்டின் இன்னொரு வழியான ஓஎல்இ டிபியைப் பிடித்தோம்.

கொண்டுபோன முதல் பருவத்தின் மொத்த டன்னை, மில்லில் அச்சடித்து பைண்டு செய்து வைத்திருந்த கிழங்கு வரவு லெட்ஜரோடு ஒப்பிடச் சொன்னார் அக்கா. எங்கள் கணக்கு கூடுதலாக வந்தது. காரணம் ஃபாக்ஸ்ப்ரோவின் பழக்கம். டிபிஎஃப் கோப்பில் ஒரு வரியை அழித்தால் அது உடனே போய்விடாது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எழுத்துக்கு இடம் உண்டு. சாதாரண வரியில் அது வெற்றாக இருக்கும், அழித்த வரியில் நட்சத்திரக் குறி இருக்கும். பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் அந்த வரிகள் உண்மையில் நீங்கும். டிரைவரில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் பொறுத்து அழித்த வரிகள் தெரியும், அல்லது மறைந்துவிடும். மறைத்துக்கொண்டு படித்ததும் டன் கணக்கு லெட்ஜரோடு ஒட்டியது.

ஆனால் அக்கா அந்த நட்சத்திர வரிகளைத் தூக்கிப் போடவில்லை. அவற்றைத் தனி அட்டவணையில் சேர்த்து வைத்தார். அழித்தது எது, ஏன் அழித்திருப்பார்கள் என்று பார்த்தோம். பெரும்பாலும் இரண்டு தடவை பதிந்த லோடு. சில, வாசல் வரை வந்து விலை படியாமல் திரும்பிப் போன லோடு. திரும்பிப் போன லோடும் மில்லின் சரித்திரம்தான். ரிப்போர்ட்டில் அது சேரக் கூடாது; காப்பகத்தில் இருக்கத்தான் வேண்டும்.

தேதியிலும் இப்படி ஒன்று வந்தது. 1899 டிசம்பர் 30 என்று தேதியிட்ட லோடுகள் வந்து நின்றன. ஃபாக்ஸ்ப்ரோவில் தேதியைக் காலியாக விடலாம். அந்தக் காலியை இந்தப் பக்கத்து முறைகளுக்குச் சொல்லத் தெரியாததால், தன் எண்ணிக்கை தொடங்கும் நாளை டிரைவர் கொடுத்துவிடுகிறது. அதைக் காலி என்றே மாற்றிக்கொண்டோம். முன்பின் வரிகளின் தேதியைப் பார்த்து நிரப்பிவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. “தெரியாததத் தெரியாததுன்னே எழுது” என்று அக்கா சொல்லிவிட்டார்.

தமிழ்ப் பெயர்கள்தான் என்னை அதிக நாள் பிடித்துவைத்தன. டாஸ் காலத்துக் கோப்புகளில் ஊரும் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தன. விண்டோஸ் காலத்தில் தமிழில் அடித்திருக்கிறார்கள். ஆனால் யூனிகோட் இல்லை, பாமினி எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. டிரைவர் எழுத்துருவைக் கொண்டுவராது; உள்ளே இருப்பதை மட்டும் கொண்டுவரும். அம்மாபேட்டை என்ற ஊர் எக்செல்லில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தொடங்கி ஒரு குப்பையாக வந்து விழும்.

இதை மாற்ற எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டால் போதாது. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிப்பார்கள். ‘பே’ என்றால் கொம்பு முதலில், பிறகு ப. யூனிகோட்டில் ப முதலில் வந்து அதன் பிறகு கொம்பு சேமிக்கப்படும். ‘டை’யும் அப்படியே. ‘கொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறு பக்கம்; யூனிகோட்டில் அது ஒரே குறி. ஆகவே முதலில் இடம் மாற்ற வேண்டும், பிறகு எழுத்தை மாற்ற வேண்டும். இன்னொரு சிக்கல், அந்த எழுத்துருவில் ஒரே ஆங்கில எழுத்தின் பெரிய வடிவும் சிறிய வடிவும் வேறு வேறு தமிழ் எழுத்து: ஒன்று ர, மற்றது ரு. எக்செல்லின் தேடல் பெரிது சிறிது பார்க்காது. மாற்றுவதற்கு முன் எக்செல்லில் வைத்துத் தேடினால் இரண்டு விவசாயிகள் ஒருவராகிவிடுவார்கள். எனவே இந்த வேலை முழுவதையும் டேட்டாபேஸுக்குள்ளேயே முடித்தோம். போஸ்ட்கிரெஸ் டிரைவரிலும் ஆன்சி, யூனிகோட் என்று இரண்டு வகை பட்டியலில் வரும். ஆன்சியைத் தேர்ந்தெடுத்தால் பாடுபட்டு மாற்றிய தமிழெல்லாம் கேள்விக்குறியாக வரும்.

தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரமாக அறிவித்து, 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அந்த இடைப்பட்ட வருஷங்களில் தனியார் மில்களிலும் கடைகளிலும் தமிழில் கணக்கு எழுதியவர்கள் கையில் கிடைத்த எழுத்துருவில்தான் எழுதினார்கள். தமிழில் எழுத வேண்டும் என்று நினைத்த அந்தக் கணக்கர்களின் உழைப்பு படிக்க முடியாமல் போவதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். ஒவ்வொரு ஊர்ப் பெயராகத் தமிழில் திரும்பி வந்தபோது, இது நான் வாழ்நாளெல்லாம் செய்யக்கூடிய தொழில் என்று தோன்றியது.

டேலியும் எடைமேடையும் அவ்வளவு சிரமம் தரவில்லை. டேலியே ஓர் ஓடிபிசி சர்வராக நிற்கும், வழக்கமாக 9000 என்ற போர்ட்டில். டேலி திறந்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனியின் கணக்கு வேண்டுமோ அது ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வருஷ முடிவில் கணக்கைப் பிரித்து வைத்திருந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஏற்றித்தான் கேட்க முடியும். லெட்ஜர் பட்டியல் சுலபமாக வரும். வவுச்சர் வரி வரியாக வேண்டுமென்றால் டேலியின் சொந்த மொழியான டிடிஎல்லில் எழுத வேண்டும். ஆக்சஸ் கோப்புக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறது. அந்தக் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதால், ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் அதையும் போஸ்ட்கிரெஸில் சேர்க்க ஏற்பாடு செய்தோம்.

வழியெல்லாம் போட்டாகிவிட்டது. இனி மூன்று காலத்துப் பாயிண்டையும் ஒரே பத்தியில் கோத்துவிட்டால் முதலாளியின் வரைபடம் தயார் என்று நான் இருந்தேன். அக்கா என்னை மில்லின் கணக்குப்பிள்ளையிடம் அனுப்பினார்.

டாஸ் காலத்துக் கோப்பில் பாயிண்டுக்கு இரண்டு பத்திகள் இருந்தன: பிஎன்டி1, பிஎன்டி2. டிபிஎஃப்பில் பத்தியின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் எல்லாமே இப்படிச் சுருக்கம்தான். விண்டோஸ் காலத்தில் ஒரே பத்தி, பாயிண்ட் என்று. எடைமேடையிலும் ஒன்றே. நான் கணக்குப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து, “ஐயா, இந்த ரெண்டுல எதுங்க சரியான பாயிண்ட்டு?” என்று கேட்டேன்.

“ரெண்டுஞ் சரிதான் சாமி” என்றார் அவர். முதலாவது தராசில் கண்டது. இரண்டாவது, மண்ணும் அழுகலும் பார்த்துப் பேசி முடித்தது. அதற்குத்தான் பணம் போனது. புரோகிராமை விண்டோஸுக்கு மாற்றியபோது, பணத்துக்கு வேண்டியது போதும் என்று பேசி முடித்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு எலக்ட்ரானிக் தராசு வந்தது. அதன் பிறகு மண்ணுக்கும் அழுகலுக்கும் எடையிலேயே கழிவு போட ஆரம்பித்துவிட்டார்கள். பாயிண்ட் பத்தியில் தராசு காட்டியதே அப்படியே ஏறியது. பத்தியின் பெயர் மாறவில்லை. அதில் ஏறியது மட்டும் ஒரு பருவத்தின் நடுவில் மாறிவிட்டது. எந்தத் தேதியில் என்று அவருடைய வரவு நோட்டில் இருந்தது. எடுத்துக் காட்டினார்.

நேராகக் கோத்திருந்தால், தராசு மாறிய அந்தப் பருவத்தில் பாயிண்ட் ஏறியதாக வரைபடம் காட்டியிருக்கும். காட்டில் ஒன்றும் ஏறியிருக்காது. யாராவது அதைப் பார்த்து, அந்த வருஷம் வைத்த ரகம் நல்ல ரகம் என்று அடுத்த பருவத்துக்குக் கரணை வாங்கியிருப்பார்கள். டிரைவர் தன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருக்கும். நாம் கேட்ட பத்தியை, கேட்ட வரிசையில், ஒரு இலக்கம் பிசகாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கும். அந்த இலக்கம் எந்த வருஷத்தில் எதைக் குறித்தது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. எழுபதை நெருங்கும் ஒரு மனிதரிடம் இருந்தது. பழைய தகவலோடு வேலை செய்கிறவர்கள் கணினிக்கு முன்னால் உட்காரும் நேரத்தில் பாதியையாவது, அந்தத் தகவலைப் பதிந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து கழிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

போஸ்ட்கிரெஸில் மூன்று காலத்துக்கும் பொதுவாக ஒரு வியூ, அதாவது அட்டவணை போலவே படிக்கக்கூடிய சேமித்த கேள்வி ஒன்று, எழுதினோம். அதில் அளந்த பாயிண்ட், முடித்த பாயிண்ட் என்று இரண்டு பத்தி. டாஸ் காலத்துக்கு இரண்டும் நிறைந்திருக்கும். விண்டோஸ் காலத்தின் முதல் பகுதியில் அளந்தது காலியாக இருக்கும். தராசு மாறிய தேதிக்கு அப்புறம் முடித்தது காலியாக இருக்கும். எந்தக் காலியையும் நாங்கள் நிரப்பவில்லை. எக்செல் இந்த வியூவை மட்டும் பார்க்கும். அடியில் உள்ள அட்டவணைகளைப் பார்க்காது. எக்செல் நுழைவதற்கென்று தனியாக ஒரு பயனர் பெயர் வைத்து, அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தோம். தப்பித் தவறிக்கூட ஒரு வரி மாறாது.

முதலில் ஓட்டிப் பார்த்தபோது கணினி வெகுநேரம் திணறியது. போஸ்ட்கிரெஸ் டிரைவர் இயல்பாக விடை முழுவதையும் நினைவகத்தில் வாங்கிக்கொண்டுதான் எக்செல்லுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். டிக்ளேர் ஃபெட்ச் என்ற அமைப்பைப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும். ஆனால் அக்கா அதைவிட முக்கியமான ஒன்றைச் சொன்னார்: முதலாளிக்கு வேண்டியது மாதச் சராசரி, லோடு லோடாக எல்லா வரியையும் எக்செல்லுக்கு இழுத்து அங்கே கூட்டுவது எதற்கு? டேட்டாபேஸே கூட்டிக் கொடுக்கட்டும் என்று கேள்வியை மாற்றினோம். சராசரியும் வெறும் சராசரி இல்லை, டன்னுக்கு ஏற்ற சராசரி. ஒரு மினி லாரிக் கிழங்கும் ஒரு பெரிய லோடும் சம எடையில் கணக்காகக் கூடாது. விடை உடனே வந்தது.

வரைபடத்தில் முதலாளி முதலில் பார்த்தது கடைசி வருஷங்களைத்தான். மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2020இல் கேரளத்தில். அங்கிருந்து சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்தது. அதை அழிக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்து, 2022இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். மில்லின் கோடு அந்த இடைக்காலத்தில் இறங்கியிருந்தது. ரகத்துக்கு ரகம் இறக்கம் வேறுபட்டது. இதை வைத்துப் பூச்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மழையும் வெட்டிய மாதமும் சேர்ந்தே பேசும். பிஞ்சில் வெட்டிய கிழங்குக்குப் பூச்சி இல்லாமலேயே பாயிண்ட் குறையும். முதலாளியும் அதைத்தான் சொன்னார். நட்ட மாதத்தை இனி வாசலிலேயே கேட்டுப் பதியச் சொல்லியிருக்கிறார். எடைமேடை அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

வேலையை ஒப்படைக்கும்போது கோப்போடு ஒரு தாளும் கொடுப்பது அக்காவின் வழக்கம். இந்த மில்லுக்கான தாளை என்னை எழுதச் சொன்னார். எந்த டிரைவர், எந்தப் பதிப்பு, எத்தனை பிட். டிஎஸ்என்னின் பெயர் என்ன. மூலக் கோப்புகள் எந்த டிஸ்கில், எந்த அலமாரியில். நட்சத்திர வரிகள் எந்த அட்டவணையில். தேதி காலியான லோடுகள் எத்தனை. எந்த எழுத்துருவிலிருந்து மாற்றினோம். பாயிண்டுக்குத் தனிப் பத்தி ஒதுக்கி, கணக்குப்பிள்ளை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, தராசு மாறிய தேதியைப் போட்டேன். அவரிடம் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் திருத்தினார்: மண் கழிவு எல்லா லோடுக்கும் இல்லை, மழை நாளில் வந்த லோடுக்கு மட்டும் என்றார். அதையும் சேர்த்து, கீழே அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.